கடன் சொல்லி வாங்கிய இறால்

நாற்பத்தோரு வயதில்தான் எனக்குப் பேரம் பேச வரும் என்று கண்டுபிடித்தேன். அதுவரை வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை என்னிடம் விலை ஏற்றிச் சொல்லாத கடைக்காரர் கிடையாது. துணி எடுக்கப் போகும்போது என் மனைவி என்னைப் பை பிடிக்க மட்டும் அழைத்துப் போவாள். வாயைத் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. அப்படிப்பட்ட நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூறு ரூபாய்க்கு அரைக்கிலோ இறாலும் நாலு சங்கரா மீனும் வாங்கி வந்து சமையலறை மேடையில் கொட்டினேன்.

மனைவி இறாலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எவ்ளோ?"

"நூறு."

"நாத்தம் கீத்தம் வருதா பாரு."

வரவில்லை. காலையில் காசிமேடு துறைமுகத்தில் இறங்கிய சரக்கு. நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பேரம் என்பது வாயால் பேசுவது அல்ல, மனசால் பேசுவது என்று அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். அவள் இறாலை உரித்துக்கொண்டே, "அந்த மீன்கார அக்காவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ" என்றாள்.

நான் எப்படி அந்த நிலைக்கு வந்தேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் வீடு திருவொற்றியூரில் ரயில்வே கேட்டைத் தாண்டி, மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி. வங்கிக் கடனில் வாங்கியது, இருபது வருடத் தவணை. எனக்கு மணலி போகிற சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. உள்ளே வருகிற பெட்டிக்கும் வெளியே போகிற பெட்டிக்கும் பில் போடுவேன். மனைவி ஒரு நர்சரி பள்ளியில் பாடம் நடத்துகிறாள். மூன்று வருடம் ஒழுங்காகத் தவணை கட்டிவிட்டு, ஒருநாள் ஆசையாக வங்கிக்குப் போய்க் கடன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கேட்டேன். அங்கிருந்த பெண் ஒரு தாளை அச்செடுத்துக் கொடுத்தாள். கட்டியதில் பெரும்பகுதி வட்டிக்குப் போயிருந்தது. அசல், நான் கையெழுத்துப் போட்ட நாளில் எப்படி இருந்ததோ கிட்டத்தட்ட அப்படியே இருந்தது.

"என்னம்மா, ஒண்ணுமே குறையலையே?"

"ஆரம்பத்துல அப்படித்தான் சார் இருக்கும். கையில பணம் இருக்கும்போது கூடுதலா கட்டுங்க, அது நேரா அசல்ல கழியும்."

அவள் தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிற விஷயம். மற்ற ஒன்பது பேரும் சரிம்மா என்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார்கள். நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அன்றைக்குச் சாப்பிடும்போது, ஏழே வருடத்தில் கடனை முடிக்கப் போகிறோம் என்று அறிவித்தேன். அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த மகள் விரல் விட்டு எண்ணி, "அப்ப நான் பன்னெண்டாவது முடிக்கிற வரைக்கும் எங்கயும் போக மாட்டோமா?" என்றாள். வீட்டில் விஷயத்தை முதலில் புரிந்துகொண்டவள் அவள்தான்.

முதலில் மோட்டார் சைக்கிளை விற்றேன். பழைய சைக்கிள் ஒன்று வாங்கி யார்டுக்குப் போக ஆரம்பித்தேன். டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையில் அவற்றின் புகையையும் நிலக்கரித் தூளையும் முகத்தில் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், வாசலில் செக்யூரிட்டி அடையாள அட்டை கேட்பார். எட்டு வருடமாக என்னைத் தெரிந்தவர் அவர். முடிவெட்டும் கடையை நிறுத்தினேன். ஒரு டிரிம்மர் வாங்கி மனைவி கையில் கொடுத்தேன். அவள் நர்சரிப் பிள்ளைகளுக்குக் காகிதம் வெட்டிக் கொடுக்கும் கைப்பழக்கத்தில் எனக்கும் வெட்டிவிட்டாள். ஒரு காதுக்கு மேல் கிருதா இருக்கும், இன்னொரு காதுக்கு மேல் இருக்காது. சட்டைக் காலர் நைந்தபோது பிரித்துத் திருப்பித் தைக்கக் கொடுத்தேன். செருப்பை மூன்றாவது தடவை தைக்கக் கொண்டுபோனபோது தைக்கிறவர், "சார், இதுல இனிமே செருப்பு இல்ல, நூல்தான் கீது" என்றார். அதற்கும் தைக்கச் சொன்னேன்.

மகளின் பிறந்தநாளை மறுநாளைக்கு மாற்றினேன். அவள் பிறந்தது ஜனவரி ஒன்று; மறுநாள் போனால் மீந்த புத்தாண்டு கேக் பேக்கரியில் பாதி விலைக்குக் கிடைக்கும். தன் சிநேகிதிகளிடம் அவள், எங்கள் குடும்பத்தில் பிறந்த நேரம் கணக்குப்படி அப்படித்தான் வழக்கம் என்று சொல்லி வைத்திருந்தாள். அதைக் கேட்டு நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். நான் அவளுடைய சமயோசித புத்தியை மெச்சிக்கொண்டேன்.

இதற்கிடையில் யார்டில் என்னை மதியம் இரண்டு மணி ஷிப்டுக்கு மாற்றினார்கள். காலை முழுவதும் வீட்டில் இருப்பேன். லுங்கியும் திருப்பித் தைத்த காலருமாகத் துணிப்பையைச் சுருட்டிக்கொண்டு கடைத்தெருவில் அலைவேன். எங்கே எது மலிவு என்று பார்ப்பதுதான் வேலை. பார்ப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

மீன்கார அக்கா மார்க்கெட் முனையில் உட்கார்ந்திருப்பாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். காசிமேட்டில் குடியிருப்பு. விடியற்காலை ஏலத்தில் எடுத்த மீனை ஐஸ் போட்டு, இன்னும் மூன்று பெண்களோடு ஷேர் ஆட்டோவில் கொண்டு வந்து கூறு கட்டி வைப்பாள். பதினோரு மணிக்கு மேல் போனால் விலை இறங்கும் என்று நான் பதினோரேகாலுக்குப் போவேன். முதல் தடவை அவள் ஒரு கூறு நூற்றைம்பது என்றாள்.

"நூறுக்குக் குடுக்கா. கடன்ல கீறோம்" என்றேன்.

அவள் நிமிர்ந்து காலரைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள், கிருதாவைப் பார்த்தாள்.

"இன்னா கடன் நைனா?"

"அத்த ஏன்க்கா கேக்குற. மாசாமாசம் வட்டி கட்டியே செத்துகினு கீறேன். அசல் அப்டியே நிக்குது."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வங்கி அச்சடித்துக் கொடுத்த தாளே என்னிடம் இருந்தது. ஆனால் காசிமேட்டில் வட்டி என்றால் என்ன, அசல் அப்படியே நிற்பது என்றால் என்ன, கடன்காரன் வாசலில் வந்து நின்றால் என்ன நடக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியாது. அவள் கூறை அள்ளிப் பையில் போட்டாள். மேலே இரண்டு மீனையும் போட்டாள்.

அடுத்த வாரமும் கடன் என்றேன். அதற்கு அடுத்த வாரம் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, முகத்தை மட்டும் அப்படி வைத்துக்கொண்டேன். வஞ்சிரம் தலை வந்தது, கடம்பாக் கணவாய் வந்தது. ஒருநாள், "பொண்ணு இஸ்கூலுக்குப் போவுதா? நிறுத்திடாத நைனா" என்றாள். பேரத்தின் நடுவில் குடும்பம் விசாரிப்பது அவள் வியாபாரத் தந்திரம் என்று நினைத்து உஷாராக, "போவுதுக்கா, எப்டியோ போவுது" என்றேன். அன்றைக்குத்தான் அந்த இறால்.

மளிகைக்கடை பாய் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருக்கோடியில் கடை வைத்திருக்கிறார். நோன்பு மாதத்தில் சாயங்காலம் பள்ளிவாசலில் கஞ்சி கொடுப்பார்கள், அக்கம்பக்கத்தில் யார் போனாலும் ஊற்றுவார்கள். எல்லோரும் ஆசைக்கு ஒரு நாள், இரண்டு நாள் வாங்குவார்கள். அந்த வருடம் நான் என் ஓய்வு நாள் எல்லாவற்றிலும் போனேன். மற்ற நாட்களில் மகளைத் தூக்குவாளியோடு அனுப்பினேன். ராத்திரிச் சாப்பாடு முடிந்தது. பெருநாளுக்கு முந்தின நாள் காலையில் பாய் என்னைக் கூப்பிட்டு ஒரு பை அரிசியைக் கையில் கொடுத்தார்.

"வெச்சிக்கங்க தம்பி. யார்கிட்டயும் சொல்ல வேணாம்."

பெருநாளுக்கு முன் இல்லாதவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய அரிசி அது. நான் அதை வாடிக்கையாளர்களுக்குக் கடைக்காரர் கொடுக்கிற இனாம் என்று நினைத்தேன். எல்லோருக்கும் கொடுத்துக் கட்டுப்படியாகாது, அதனால்தான் சொல்ல வேண்டாம் என்கிறார் என்று புரிந்துகொண்டேன். அதோடு விட்டேனா? "எண்ணெய் ஒண்ணும் கிடையாதா பாய்?" என்று கேட்டேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு லிட்டர் பாக்கெட்டும் கொண்டு வந்து கொடுத்தார். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. ஒருநாள் காலை பத்து மணி இருக்கும், பள்ளி விடுமுறை, மனைவியும் வீட்டில் இருந்தாள். மீன்கார அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்துவிட்டாள். எங்கள் வீட்டுக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை. விலாசத்தைப் பாயிடம் கேட்டிருக்கிறாள். நாற்காலியில் உட்காராமல் கதவருகே தரையில் குந்தினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொஞ்சம் நோட்டுகளை எடுத்து மனைவி பக்கம் தள்ளினாள்.

"நாங்க நாலு பேரும் போட்டது. இந்த மாசம் வட்டிக்காரன் மூஞ்சில வுட்டெறி. அப்பால, நைனா, உனுக்கு ஒரு வேலை பாத்துகீறேன். காசிமேட்டுல ஐஸ் ஃபேக்டரில பில்லு எழுத ஆள் கேக்குறாங்க. விடிகாலைல நாலு மணிக்கு வந்தின்னா எட்டுக்கு முடிஞ்சிடும். மொதலாளியாண்ட சொல்லிட்டேன். நாளைக்கு வந்துடு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு வருடத்து மீனும் ஒரே நேரத்தில் புரிந்தது. அரிசி புரிந்தது. எண்ணெய் புரிந்தது.

மனைவி நோட்டுகளை எடுத்து அக்காவின் கையில் திரும்ப வைத்து மூடினாள். "வேணாம்க்கா. நாங்க அப்படியெல்லாம் இல்லக்கா. இவரு..." என்று அவள் ஆரம்பிக்கும்போது நான் குறுக்கே பாய்ந்தேன்.

"நாளைக்கே வரேன்க்கா!"

ஏன் அப்படிச் சொன்னேன்? உண்மையை என் எதிரில் அக்கா கேட்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதால்தான். அக்காவுக்கோ எங்கள் மேல் மதிப்பு இன்னும் கூடிவிட்டது. துட்டை வாங்க மாட்டேன் என்கிறார்கள், வேலை என்றால் வருகிறார்கள். "மானஸ்தருங்க" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினாள்.

கதவைச் சாத்தியதும் மனைவி கேட்டாள். "நாளைக்கு எங்க போவ?"

"போய் மொதலாளிகிட்ட வேணாம்னு சொல்லிட்டு வந்துடுறேன். அக்காகிட்ட அப்புறமா பதமா சொல்லிக்கலாம்."

மறுநாள் நாலு மணிக்கு உண்மையிலேயே அந்த எண்ணத்தோடுதான் சைக்கிளை மிதித்தேன். துறைமுகம் அந்த நேரத்திலேயே திருவிழாவாக இருந்தது. ஏலம் கூவுகிற சத்தம், வேன்கள், கூடைகள். ஐஸ் ஃபேக்டரி முதலாளி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பாலில்லாத டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கணக்கு வருமா?"

"இருபது வருஷமா அதான் சார் பண்றேன்."

"அப்பறம் ஏன் வேலைய வுட்டுத் தூக்குனாங்க?"

நான் தரையைப் பார்த்தேன். அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு, அவர் மேற்கொண்டு கேட்காமல் சம்பளத்தைச் சொன்னார். அவர் தொகையைச் சொன்னதும் என் மூளை என்னைக் கேட்காமலே அதைப் பன்னிரண்டால் பெருக்கியது. அந்தப் பணத்தை அப்படியே அசலில் கட்டினால் கடன் ஒன்றரை வருடம் முன்னால் முடியும். மதிய ஷிப்டுக்கு இடைஞ்சல் இல்லை. நான் பில் புத்தகத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

எட்டரைக்கு ஈரக் காலோடு வீட்டுக்கு வந்தபோது மனைவி டம்ளரை நீட்டிக்கொண்டு, "சொல்லிட்டியா?" என்றாள்.

"சேந்துட்டேன்."

அவள் கத்தவில்லை. "வட்டிக்காரன் வட்டிக்காரன்னு அந்த அக்கா பயப்படுதே, அந்த வட்டிக்காரன் யாருன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டு டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

அங்கே இருபது நாள் வேலை பார்த்தேன். ஐஸ் பார்கள் பலகையில் வழுக்கி வந்து அரவை இயந்திரத்தில் விழும். எந்தப் படகுக்கு எத்தனை பார், எந்த வண்டிக்கு எத்தனை கூடை என்று எழுத வேண்டும். பில் புத்தகம் நனைந்து வீங்கியிருக்கும். கால்விரல்கள் இருக்கிறதா என்று அவ்வப்போது குனிந்து பார்த்துக்கொள்வேன். மதியம் யார்டில் உட்கார்ந்தால் கண் சொருகும். ஒருநாள் ஒரு இறக்குமதி கம்பெனியிலிருந்து போன். "சார், எங்க பெட்டியில டைல்ஸ்தானே வந்துச்சு? பில்லுல ஐஸ் பார் பன்னெண்டுன்னு போட்டிருக்கே?" என்றார்கள். கம்ப்யூட்டர் கோளாறு என்று சொன்னேன்.

அக்கா தினமும் ஐந்தரை மணிக்குத் தன் மீனுக்கு ஐஸ் வாங்க வருவாள். என் மேஜையைத் தாண்டும்போது மற்ற பெண்களிடம், "நம்ம ஆளுதான்" என்று காட்டிவிட்டுப் போவாள்.

இருபதாம் நாள் ஏழு மணிக்கு ஒரு பெண் தூக்கோடு வந்து என் மேஜை அருகே நின்றாள். அக்காவின் மகள். அம்மாவுக்கு நாஷ்டா கொண்டு வந்திருந்தாள். அக்கா இன்னும் ஏலத்தில் இருந்தாள். சும்மா நின்ற பெண் என் பில்லைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அண்ணே, கூட்டல்ல எட்டு வுட்டுப் போச்சு."

பார்த்தேன். விட்டுத்தான் போயிருந்தது.

"என்னம்மா படிச்சிருக்க?"

"பி.காம்ணே. முடிச்சி ரெண்டு வருசம் ஆவுது."

"வேலைக்குப் போகலையா?"

அவள் சிரித்தாள். "இந்த வேலைய அம்மா எனக்குத்தாண்ணே சொல்லி வெச்சிருந்துச்சு. மொதலாளி ஒத்துகினாரு. அப்பால அம்மாதான் வந்து, உனுக்கு சோத்துக்கு நான் கீறேன், அந்தாளுக்கு யாரு கீறா, வட்டிக்காரன் தொல்லை தாங்காம குடும்பத்தோட எதுனா பண்ணிகினா இன்னா பண்றதுன்னு சொல்லிச்சு. பரவால்லண்ணே. நான் வேற பாத்துகினு கீறேன்."

குத்திக்காட்டுகிற தொனியே அவளிடம் இல்லை. கூட்டலைத் திருத்திய அதே குரலில் சொன்னாள்.

எனக்கு அப்போது முதலில் என்ன தோன்றியது என்பதை எழுதக் கூசுகிறது. முதலில் தோன்றியது, சொல்லிவிட்டால் ஒன்றரை வருடம் போய்விடும் என்பது. அதற்கு அப்புறம்தான் வெட்கம் வந்தது. இரண்டுக்கும் நடுவில் எத்தனை வினாடி என்று எனக்குத் தெரியாது. ஆனால் இடைவெளி இருந்தது. அது எனக்குத் தெரியும்.

பேனாவை மூடி வைத்துவிட்டு ஏலம் நடக்கும் இடத்துக்குப் போனேன். அக்கா மற்ற மூன்று பெண்களோடு உட்கார்ந்து சரக்கைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு விஷயம் சொல்லணும். எனக்கு வேலை போகல. யார்டுலதான் கீறேன். ரெண்டு மணி ஷிப்டு."

"அப்ப கடன்?"

"கடன் கீதுக்கா. வூட்டுக் கடன். பேங்குல."

"எந்த வூடு?"

"நீ வந்தியே, அந்த வூடுதான். சொந்த வூடு."

அவள் கையில் ஒரு சங்கரா இருந்தது. அது அப்படியே நின்றது.

"பேங்குக்காரன் வந்து கத்துறானா?"

"இல்லக்கா. அவனுக்கு இருவது வருசம் டைம் கீது. நான்தான் ஏழு வருசத்துல முடிக்கணும்னு..."

"அவன் அவசரப்படல. நீதான் அவசரப்படுற."

"ஆமாக்கா."

அவள் மற்ற பெண்கள் பக்கம் திரும்பி, துறைமுகத்துக்கே கேட்கிற குரலில் சொன்னாள். "ஏய், இங்க பாருங்கடி! சொந்த வூட்டுக்காரர் வந்துகீறாரு! வாடகை வூட்ல குந்திகினு நாம இவருக்கு இறா குட்த்துகினு இருந்தோம்!"

விஷயம் புரிந்ததும் அவர்கள் சிரித்த சிரிப்பில் ஏலக்காரரே திரும்பிப் பார்த்தார். ஒருத்தி, "அப்ப வூட்ல நமக்கும் பங்கு எழுதித் தரச் சொல்லு. எனுக்கு சமையக்கட்டு போதும்" என்றாள். இன்னொருத்தி, "அவரு துன்ன கடம்பா என்னுது. எனுக்கு பாத்ரூம்" என்றாள். நானும் அசட்டுத்தனமாகச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"என் பொண்ணு ரெண்டு வருசமா வூட்ல குந்திகினு கீது நைனா."

"இப்பத்தான்க்கா தெரிஞ்சிச்சு. அதான் ஓடியாந்தேன். நாளைலேர்ந்து அதுவே வரட்டும். மீனுக்கெல்லாம் எவ்ளோன்னு சொல்லு, குடுத்துடுறேன்."

"வித்ததுக்குத்தான் துட்டு. குட்த்ததுக்கு ஏது துட்டு? போ."

மறுநாள் அந்தப் பெண் வேலைக்கு வந்தாள். பொறுப்பாக எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நானும் போனேன். அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணே, பில்ல பிளாஸ்டிக் கவருக்குள்ள வெச்சி எழுதுனா நனையாது இல்ல?" என்றாள். இருபது நாளில் எனக்குத் தோன்றாத விஷயம். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அன்று ஷிப்டுக்குப் போகும் முன் பாய் கடைக்குப் போனேன். ஐந்து கிலோ அரிசியும் எண்ணெயும் காசு கொடுத்து வாங்கி, அவரிடமே நீட்டினேன். நடந்ததைச் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்.

"நான் குடுத்ததுக்கு நன்மை எனக்கு வந்து சேந்துடுச்சு தம்பி. நீங்க வாங்கினது உங்க கணக்கு. இத எங்கிட்ட குடுத்தா எப்டி? இல்லாதவங்களாப் பாத்துக் குடுங்க. ஆனா ஒண்ணு, குடுக்கும்போது அவங்களுக்குச் சொந்த வூடு கீதான்னு கேட்டுக்கங்க."

கடையில் நின்ற நாலு பேர் எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியும். விஷயம் எனக்கு முன்னாலேயே காசிமேட்டிலிருந்து வந்து சேர்ந்திருந்தது.

அடுத்த நாலு மாதம் அக்கா எனக்கு மீன் விற்கவில்லை. முன்னால் கூறு கூறாகக் கட்டி வைத்துக்கொண்டு, "மீன் இல்ல நைனா" என்பாள். மனைவி போனால் நல்ல மீனாக எடுத்துக் கொடுத்து, மகளைப் பற்றி விசாரித்து, கடைசியில் "அந்தாள மட்டும் அனுப்பாத" என்று சொல்லி அனுப்புவாள். ஐந்தாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் சும்மா அந்தப் பக்கம் போனபோது அவளே கூப்பிட்டாள். ஒரு கூறு எடுத்து வைத்தாள்.

"முந்நூறு."

பக்கத்தில் இருந்தவள் அதே கூறை இருநூறு என்று கூவிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு முந்நூறைக் கொடுத்தேன். இன்றுவரை அவளிடம் எனக்குத் தனி விலைதான். அது குறையும் என்று நான் எதிர்பார்ப்பதும் இல்லை.

கடன் ஏழு வருடத்தில் முடியவில்லை. மகளின் பிறந்தநாள் பிறந்த தேதிக்கே திரும்பியது. நான் முடிவெட்டக் கடைக்குப் போக ஆரம்பித்தேன். இப்படிச் சின்னச் சின்னதாக இரண்டு வருடம் தள்ளிப்போய் ஒன்பதாவது வருடத்தில் முடிந்தது. வங்கியில் ஒரு பிளாஸ்டிக் உறையில் பத்திரத்தைப் போட்டுக் கொடுத்து ஐந்து இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். வெளியே வந்து நின்றேன். ஏதோ பெரிதாகத் தோன்றும் என்று ஒன்பது வருடமாக நினைத்திருந்தேன். வெயில் அடித்தது. பசித்தது. மூன்று பிரியாணி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கல்லூரியிலிருந்து வந்த மகள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, "இது இன்னைக்குச் செஞ்சதுதானே?" என்று கேட்டாள்.

போன மாதம் அக்காவும் அவள் மகளும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஐஸ் ஃபேக்டரிக் கணக்கு முழுவதையும் இப்போது அந்தப் பெண்தான் பார்க்கிறாள். எண்ணூர் பக்கம் சின்னதாக ஒரு வீடு பார்த்திருக்கிறார்களாம், அம்மாவுக்கும் மகளுக்குமாக. வங்கிக் கடன் படிவத்தை நிரப்ப வேண்டும். அதெல்லாம் அவளே நிரப்பிக்கொள்ளக் கூடியவள்தான். இருந்தும் அக்கா, "அனுபவப்பட்ட ஆளு ஒருத்தர் கீறாரு" என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டாளாம்.

இந்தத் தடவை அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். மனைவி டீ கொடுத்தாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக எழுதினேன். எத்தனை வருடத் தவணை என்ற இடம் வந்ததும், அனுபவஸ்தன் தோரணையில் பேனாவை நிறுத்தி, "கொஞ்சம் இழுத்துப் பிடிச்சா பத்து வருஷத்துலயே..." என்று ஆரம்பித்தேன்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இருவதுன்னு எழுது நைனா" என்றாள். "நடுவுல நாங்க சோறு துன்னணும்."

இருபது என்று எழுதினேன்.